நியாயவாதி லிங்கன்

ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கையைப் பாடநூல்கள் இரண்டு படங்களாக வரைந்து காட்டுவது வழக்கம். ஒன்று, காட்டுமரங்களை அடுக்கிக் கட்டிய குடிசையிலே அடுப்பு வெளிச்சத்திற் படித்துக்கொண்டிருக்கும் ஏழைச் சிறுவன். மற்றது, உள்நாட்டுப் போரின் நடுவே அடிமைகளின் விலங்கை நீக்கும் குடியரசுத் தலைவர். இவ்விரண்டு படங்களுக்கும் இடையிலே ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றைப் பாடநூலாசிரியர் ஒரே வாக்கியத்தாற் கடந்துவிடுவார்: பின்னர் அவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளே அடங்கிக் கிடப்பது என்ன என்று அறியும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. தேடி வாசித்தபோது நான் கண்டவற்றை ஈண்டுக் கூற விரும்புகிறேன்.

நியாயவாதி லிங்கன் என்றதும் பலருக்கு நினைவு வருவது 1858ஆம் ஆண்டின் கொலை வழக்கு ஒன்று. நிலவொளியில் எல்லாவற்றையும் கண்டேன் என்று சாதித்த சாட்சியைப் பஞ்சாங்கம் ஒன்றைக் காட்டி லிங்கன் மடக்கினார். அந்நேரத்தில் நிலவு அடிவானத்தை அண்மிவிட்டது என்பது பஞ்சாங்கத்தால் வெளிப்பட்டது. கதை சுவையானது, உண்மையுங்கூட. ஆனால் அத்தகைய வழக்குகள் அவர் தொழிலிற் சிறுபான்மையே. இலினோய் மாநிலத்து நீதிமன்றங்களிலெல்லாம் பழைய ஏடுகளைத் துருவித் தேடிய அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு பெருந்தொகுப்பை வெளியிட்டார்கள். லிங்கனும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சிவில் வழக்குகள். காணி, மரணசாதனம், கூட்டு வியாபாரம், விவாகரத்து, மாடு, குதிரை, பாலம், புகையிரதம் எனப் பலதிறத்தன. எல்லாவற்றிலும் மிகுதியானவை கடன் வழக்குகள். ஒரு நாட்டைப் பிளவினின்றும் காத்த மனிதர் தம் வாழ்நாளின் நற்பகுதியை ஐந்து டொலருக்கும் பத்து டொலருக்கும் பிறருடைய கடன்சீட்டுக்களைப் படித்துக் கழித்தார். அக்காலம் வீணாயிற்றா, அன்றி அதுவே அவரை ஆக்கியதா என்பதே என் வினா.

தந்தையின் காணி

லிங்கன் 1809ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி கென்டக்கி மாநிலத்திற் பிறந்தார். தந்தையார் தோமஸ் லிங்கன் தச்சுவேலையும் கமமும் செய்தவர். அவரைக் கையில் ஒன்றும் இல்லாத நாடோடியாகச் சிலர் சித்திரித்திருக்கின்றனர். அது பொருந்தாது. கென்டக்கியிலே மூன்று காணிகளை ஒன்றன்பின் ஒன்றாக விலைகொடுத்து வாங்கியவர் அவர். மூன்றிலும் உரிமைச் சிக்கல் எழுந்தது.

அதற்குக் காரணம் அம்மாநிலத்தில் நிலம் அளக்கப்பட்ட முறை. அரசாங்கம் முன்கூட்டி அளந்து எல்லை வகுக்கவில்லை. காணி கோரியவர் தாமே ஆள் வைத்து அளப்பித்தார். இன்ன மரத்திலிருந்து இன்ன ஓடை வரை, அங்கிருந்து இன்ன பாறை வரை என்று எல்லை எழுதினார்கள். மரம் பட்டுப்போகும், ஓடை திசைமாறும். ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். காடு வெட்டிக் களையெடுத்துப் பயிரிட்டவன் ஒருவன். எங்கோ நகரத்திலிருந்து வழக்கு வைத்து அவனை எழுப்புகிறவன் வேறொருவன்.

காணிப் பத்திரத்தை நாம் உறுதி என்கிறோம். எத்துணைப் பொருத்தமான சொல்! உறுதி பழுதுபட்டால் வாழ்வும் உறுதியற்றுப் போகின்றது. 1816ஆம் ஆண்டிலே தோமஸ் லிங்கன் குடும்பத்தோடு ஒகையோ நதியைக் கடந்து இந்தியானாவுக்குப் போனார். அங்கே கூட்டாட்சி அரசாங்கம் தானே அளந்து தானே விற்றது, வாங்கியவனுக்கு அச்சமில்லை. இக்குடிபெயர்வைப் பற்றி மகன் பிற்காலத்தில் எழுதியபோது, அடிமைமுறை ஒரு காரணமாயினும் காணி உரிமைச் சிக்கலே தலையாய காரணம் என்று குறித்தார். அப்போது அவருக்கு வயது ஏழு. சட்டம் என்பது புத்தகத்தில் உள்ள பொருளாக அன்றி, வீட்டைவிட்டு வெளியேற்றும் ஒரு சக்தியாகவே அவருக்கு முதலில் அறிமுகமாயிற்று.

கடனாளி கற்ற சட்டம்

லிங்கன் பள்ளிக்கூடத்திற் கழித்த காலமெல்லாம் சேர்த்தும் ஓராண்டு நிறையாது என்பது அவரே சொன்ன கணக்கு. 1831ஆம் ஆண்டில் இலினோயிலுள்ள நியூ சேலம் என்னும் சிற்றூருக்கு வந்தார். கூட்டாளி ஒருவரோடு கடை வைத்தார், கடை நொடித்தது. கூட்டாளியும் இறந்துவிடக் கடன் முழுவதும் இவர் தலைமேல் விழுந்தது. அதனை அவர் வேடிக்கையாகத் தேசியக் கடன் என்று சொல்வாராம். தபாலதிபர் வேலையும் நில அளவை வேலையும் பார்த்து வயிறு வளர்த்தார். கடன்காரர் ஒருவர் வழக்கு வைத்துத் தீர்ப்புப் பெற்றார். லிங்கனின் குதிரை, சேணம், அளவைக் கருவிகள் யாவும் ஏலத்துக்கு வந்தன. நண்பர் ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கடன் முற்றும் தீரப் பல ஆண்டுகள் சென்றன, ஆயினும் தீர்த்தார்.

இந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர்கள் அவருடைய நேர்மைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. பின்னாளில் நூற்றுக்கணக்கான கடன் வழக்குகளை நடத்தப்போகும் ஒருவர், முதலில் எதிராளியாக நின்று, நீதிமன்றத்தின் கட்டளை ஒரு மனிதனுடைய தொழிற் கருவிகளையே பறித்துச் செல்வதைக் கண்டார். எந்தச் சட்டக் கல்லூரியும் இப்பாடத்தைக் கற்பிப்பதில்லை.

1834ஆம் ஆண்டில் மாநிலச் சட்டசபைக்குத் தெரிவான பின்னர், ஜோன் ஸ்டுவாட் என்னும் நியாயவாதியின் தூண்டுதலாற் சட்டம் படிக்கத் தொடங்கினார். ஸ்பிரிங்பீல்ட் நகரம் ஏறத்தாழ இருபது மைல் தூரத்தில் இருந்தது. அங்கு சென்று ஸ்டுவாட்டிடம் புத்தகம் இரவல் வாங்கி வருவார். ஆங்கிலச் சட்டத்தை விளக்கிய பிளாக்ஸ்டனின் பெருநூலை ஆசிரியர் எவருமின்றித் தாமே திரும்பத் திரும்பப் படித்தார். 1836ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவருக்கு அனுமதி கிடைத்தது. 1837 ஏப்ரிலிலே, இரவற் குதிரை ஒன்றில் ஏறி, இருந்த உடைமைகளையெல்லாம் இரண்டு பைகளுள் அடக்கிக்கொண்டு ஸ்பிரிங்பீல்ட்டுக்கு வந்து சேர்ந்தார்.

முதற் கூட்டாளி ஸ்டுவாட். அவருக்கு அரசியலே பெரிது. 1841இல் ஸ்டீபன் லோகன் என்பவரோடு சேர்ந்தார். வழக்கைக் கிரமமாக ஆயத்தஞ் செய்யும் பழக்கத்தை அவரிடந்தான் லிங்கன் கற்றார் என்பர். 1844இன் இறுதியில் வில்லியம் ஹேர்ண்டன் என்னும் இளைஞரைத் தாமே கூட்டாளியாக்கிக்கொண்டார். அக்கூட்டு லிங்கன் இறக்கும்வரை முறியவில்லை.

ஊரூராகச் சென்ற நீதிமன்றம்

அக்கால இலினோயில் நீதிமன்றம் ஓரிடத்தில் இருந்து மக்களை அழைக்கவில்லை. தானே மக்களிடம் சென்றது. வசந்தத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் நீதிபதி மாவட்டந்தோறும் பயணஞ் செய்வார். நியாயவாதிகள் கூட்டமாகப் பின்தொடர்வார்கள். லிங்கன் சுற்றிய எட்டாம் வட்டத்தில் ஒரு காலத்திற் பதினான்கு மாவட்டங்கள் இருந்தன. குதிரையிலும் குதிரை வண்டியிலும் சேற்றுப் பாதைகளைக் கடந்து சத்திரங்களில் தங்குவார்கள். இருவர் ஒரு கட்டிலைப் பகிர்ந்துகொள்வார்கள். நீதிபதி டேவிட் டேவிஸ் முந்நூறு இறாத்தல் நிறையுள்ளவர். அவருக்கு மாத்திரம் தனிக்கட்டில் கிடைத்தது என்பர்.

வண்டி ஊருக்குள் நுழைந்ததும் கட்சிக்காரர் சூழ்ந்துகொள்வார்கள். காலையிற் கேட்ட வழக்கை மாலையிற் பேசவேண்டிவரும். ஒரு வழக்கில் வழக்காளிக்காகவும் அடுத்த வழக்கில் எதிராளிக்காகவும் ஒரே நாளில் நின்று வாதாட வேண்டும். நேற்று எதிர்த்து நின்றவரே இன்று தம் பக்கத்தில் நிற்பார். இரவில் அனைவரும் ஒரே மேசையில் உண்டு, கணப்படுப்பைச் சூழ்ந்திருந்து கதை பேசுவார்கள். பகலிற் பகைமை நடித்து இரவில் நட்பாகும் இவ்வாழ்க்கையில் மனக்கசப்பை நெடுநாள் வைத்திருக்க முடியாது. லிங்கன் அக்கசப்பற்ற தன்மையை இங்கே பழகிக்கொண்டார் என்று நான் எண்ணுகிறேன்.

காகிதங்களைப் பேணும் திறமை அவருக்கு இல்லை. முக்கியமான கடிதங்கள் அவர் அணிந்த உயரமான தொப்பிக்குள் இருந்தன. வேறெங்கும் காணாதபோது இதற்குள்ளே பார்க்க என்று ஒரு கட்டின்மேல் எழுதி வைத்திருந்தாராம். ஆனால் மனத்தை ஒழுங்குசெய்வதில் அவருக்கிருந்த கவனம் வியப்புக்குரியது. 1847 முதல் இரண்டாண்டுகள் வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்து திரும்பியபின், நாற்பது வயதை எட்டிய அந்த நியாயவாதி யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தைக் கையில் எடுத்தார். முதல் ஆறு புத்தகங்களையும் பெரும்பாலும் கற்றுத் தேர்ந்ததாக அவரே பதிவுசெய்திருக்கிறார். ஒன்றை நிறுவுதல் என்றால் என்ன என்பதை அறியவேண்டும் என்பதே நோக்கம். கேத்திரகணிதத்தால் வாழ்க்கைக்கு என்ன பயன் என்று கேட்கும் மாணாக்கருக்கு நம் ஆசிரியர்கள் இதனை எடுத்துக் கூறலாம்.

வழக்கின் முடிச்சு

யூரிமார் முன்னிலையில் அவர் கையாண்ட முறையை உடன் தொழில் நடத்திய லெனார்ட் சுவெட் விளக்கியிருக்கிறார். எதிர்த்தரப்பார் ஒரு விஷயத்தை எழுப்புவர். அது உண்மையாயிருக்கலாம் என்று லிங்கன் விட்டுக்கொடுப்பார். இன்னொன்றை எழுப்புவர், அதையும் விட்டுக்கொடுப்பார். இவருக்கு வழக்கே தெரியாது போலும் என்று எதிரிகள் மகிழ்வர். ஆறு விஷயங்களை விட்டுக்கொடுத்தவர் ஏழாவதிற் கால் ஊன்றுவார். வழக்கு முழுவதும் அந்த ஒன்றிலேதான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். அவரைச் சூதறியாத எளியவர் என்று எண்ணி இறங்கியவர் பள்ளத்தில் மல்லாந்து கிடப்பார் என்பது சுவெட்டின் கருத்து.

எளிமையும் அவர்தம் ஆயுதம். கால்கள் முறிந்த ஒரு தச்சுத் தொழிலாளி, எலும்புகளை வளைவாகப் பொருத்திவிட்டனர் என்று இரண்டு வைத்தியர்கள்மேல் வழக்கு வைத்தார். வைத்தியர்களுக்காக எழுந்த லிங்கன் கோழி எலும்புகளைக் கையில் எடுத்துக்கொண்டார். இளங்கோழியின் எலும்பு வளைவதையும் முதிர்ந்த கோழியின் எலும்பு முறிவதையும் காட்டி, வயது ஏற ஏற எலும்பு பொருந்துவதிலுள்ள இடரை விளக்கினார். வேறு வைத்தியராயின் கால்களையே வெட்டியிருப்பர். கால்கள் இருப்பதற்கு நன்றி கூறுக என்பது வாதத்தின் சாரம். யூரிமார் ஒருமைப்படவில்லை, பின்னர் வழக்குச் சமாதானமாக முடிந்தது.

சினம் வந்தபோது அவர் வேறு மனிதராகிவிடுவார். சுதந்திரப் போரில் ஈடுபட்ட ஒரு போர்வீரரின் முதிய விதவைக்கு ஓய்வூதியம் பெற்றுக்கொடுத்த முகவர் ஒருவர், அதில் ஏறத்தாழ அரைவாசியைத் தம் கூலியென்று எடுத்துக்கொண்டார். அம்மூதாட்டிக்காக 1846ஆம் ஆண்டளவில் லிங்கன் வழக்குப் பேசினார். வாதத்துக்கென அவர் எழுதிவைத்த குறிப்பில், எதிராளியின் தோலை உரித்தல் என்பதும் ஒன்று என ஹேர்ண்டன் எழுதுகிறார். வழக்கு வென்றது. லிங்கன் கூலி வாங்கவில்லை. சத்திரச் செலவையும் தாமே கொடுத்தனுப்பினார்.

பாலமும் புகையிரதமும்

1850களில் இலினோயின் முகம் மாறியது. புல்வெளிகளை ஊடறுத்துத் தண்டவாளங்கள் வந்தன. அவற்றோடு பெரிய வழக்குகளும் வந்தன. இலினோய் மத்திய புகையிரதக் கம்பனியிடம் மாவட்டங்கள் வரி அறவிடலாமா என்பது அவற்றுள் ஒன்று. இது மாநிலத்தின் மிகப் பெரிய சட்டப் பிரச்சினை என்பதைக் கண்டுகொண்ட லிங்கன், முதலில் மாவட்டத் தரப்பாருக்கே எழுதினார். அவர்கள் அமர்த்தாதபோது கம்பனியின் பக்கம் நின்றார். 1856ஆம் ஆண்டு மாநில உயர் நீதிமன்றத்தில் வென்றும் கொடுத்தார். அதற்கு ஐயாயிரம் டொலர் கேட்டபோது, தொகை மிகை என்று கம்பனி மறுத்தது. லிங்கன் தம் கட்சிக்காரர்மீதே வழக்கு வைத்தார். முன்னரே பெற்றிருந்த இருநூறு டொலர் நீங்க 4,800 டொலருக்குத் தீர்ப்பாயிற்று. கிடைத்ததிற் பாதியை ஹேர்ண்டனிடம் கொடுத்தார். அதன் பின்னரும் அக்கம்பனிக்காக வழக்குப் பேசினார் என்பது இன்னும் வேடிக்கை.

மற்றது மிசிசிப்பி நதிமேல் அமைந்த முதலாவது புகையிரதப் பாலத்தைப் பற்றியது. ரொக் ஐலண்டில் 1856 ஏப்ரிலில் பாலம் திறக்கப்பட்டது. மே 6ஆந் திகதி எபி அப்டன் என்னும் நீராவிக் கப்பல் பாலத்தூணில் மோதித் தீப்பற்றி அழிந்தது. பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. கப்பலுக்குரியவர்கள் பாலக் கம்பனிமேல் நட்டஈட்டு வழக்கு வைத்தனர். வெளித்தோற்றத்துக்கு இது ஒரு கப்பலின் விலையைப் பற்றிய வழக்கு. உண்மையில், மேற்கு நாட்டின் செல்வம் நதிவழியே தெற்குக்குச் செல்வதா, தண்டவாளத்தின் வழியே கிழக்குக்குச் செல்வதா என்பதே வழக்கு.

லிங்கன் பாலத்துக்கே சென்று நீரோட்டத்தின் வேகத்தையும் திசையையும் ஆராய்ந்தார். 1857 செப்டெம்பரில் சிக்காகோவில் விசாரணை நடந்தது. ஆற்றில் ஓடுகிறவனுக்குள்ள உரிமை ஆற்றைக் கடக்கிறவனுக்கும் உண்டு என்பது அவர் வாதம். பதினொரு மாதத்தில் 12,586 சரக்குப் பெட்டிகளும் 74,179 பிரயாணிகளும் அப்பாலத்தைக் கடந்ததைக் கணக்கோடு காட்டினார். பனி உறைந்து கப்பல் ஓடாத மாதங்களிலும் புகையிரதம் ஓடுவதைச் சுட்டினார். கப்பலின் ஒரு பக்கச் சக்கரம் அவ்வேளை இயங்கவில்லை என்பதை நிறுவ முயன்றார். யூரிமாரில் ஒன்பதின்மர் பாலத்தின் பக்கம் சாய்ந்தனர், மூவர் மறுத்தனர். தீர்ப்பு இல்லை, ஆனால் பாலம் நின்றது.

சின்சினாட்டியில் ஓர் அவமானம்

அனுபவம் மிக்க நியாயவாதிக்கும் தலைகுனிவு நேர்வதுண்டு. அறுவடை இயந்திரத்தின் உரிமைபற்றி மக்கோர்மிக் என்பார் மானி என்பவர்மேல் வைத்த பெருவழக்கில், மானியின் தரப்பார் லிங்கனையும் அமர்த்தியிருந்தனர். அவர் தொழிற்சாலைக்குச் சென்று இயந்திரத்தைப் பார்வையிட்டு, வாதத்தை விரிவாக எழுதிக்கொண்டு, 1855 செப்டெம்பரில் சின்சினாட்டி நகரை அடைந்தார். அங்கே கிழக்கிலிருந்து வந்த பெரிய நியாயவாதிகள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்களுள் எட்வின் ஸ்டான்டன் என்பவர் நீண்ட கைகளையுடைய இந்த நாட்டுப்புறத்தானை யார் அழைத்தது என்னும் கருத்தில் இகழ்ந்து பேசினாராம். எழுதிய வாதத்தை எவரும் பிரித்தும் பார்க்கவில்லை.

லிங்கன் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. விசாரணை முடியும்வரை பார்வையாளரோடு இருந்து ஸ்டான்டனின் வாதத்தைக் கூர்ந்து கேட்டார். கல்லூரியிற் கற்ற இவர்கள் நாளை இலினோய்க்கும் வருவர். நான் ஊருக்குப் போய் மீண்டும் சட்டம் படிக்கப் போகிறேன் என்று அவர் கூறியதை, அன்று உடனிருந்த ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கூலிக்கான காசோலை வந்தபோது, வாதாடாததற்குக் கூலி எதற்கு என்று திருப்பியனுப்பினார். மறுபடி அனுப்பியபோதுதான் ஏற்றுக்கொண்டார். ஆறாண்டுகளின் பின், போரின் நெருக்கடியில் யுத்த அமைச்சர் ஒருவர் வேண்டியிருந்தது. 1862 ஜனவரியில் லிங்கன் தேர்ந்தெடுத்தது அதே ஸ்டான்டனை. திறமையை அவமானத்தினின்றும் பிரித்துப் பார்க்கும் கண் எங்கிருந்து வந்தது? நேற்றைய எதிரியோடு இன்று ஒரு கட்டிலிற் படுத்துறங்கிய வட்டப் பயணத்திலிருந்தே வந்திருக்க வேண்டும்.

மறைக்கலாகாத வழக்கு

இதுவரை சொன்னவை புகழுக்குரியவை. ஆனால் லிங்கனின் வழக்கேட்டில் வாசிப்பவரை நிறுத்திவைக்கும் பக்கம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

1841ஆம் ஆண்டில், நான்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் விற்பனைக்காக எழுதப்பட்ட கடன்சீட்டு ஒன்று இலினோய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பணங்கொடுக்க மறுத்தவருக்காக லிங்கன் நின்றார். இம்மாநிலத்தில் ஒவ்வொருவரும் சுதந்திரர் என்றே கொள்ளப்படுவர். சுதந்திரமான மனிதரை விற்க முடியாது. ஆகவே இக்கடன்சீட்டுக்கு அடிப்படையே இல்லை என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு கடன் வழக்கின் வாயிலாக ஒரு பெண்ணின் சுதந்திரம் உறுதியாயிற்று.

ஆறாண்டுகள் கழிந்தன. கென்டக்கியைச் சேர்ந்த றொபேட் மட்சன் என்பவர் இலினோயிலிருந்த தம் பண்ணையில் வேலை செய்விக்க அடிமைகளைக் கொண்டுவருவது வழக்கம். அவர்களுள் ஜேன் பிரயண்ட் என்னும் தாய், தங்களைத் திருப்பி அனுப்பி விற்றுவிடுவார்கள் என்று அஞ்சி, நான்கு பிள்ளைகளோடு ஓடி அடைக்கலம் புகுந்தாள். 1847 ஒக்டோபரில், சார்ள்ஸ்டன் என்னும் ஊரில் அவர்களுடைய விடுதலை விசாரணைக்கு வந்தது. மட்சனுக்காக எழுந்து நின்ற நியாயவாதிகளுள் ஒருவர் ஆபிரகாம் லிங்கன்.

இவர்கள் நிலையாகக் குடியிருக்க வந்தவர்களல்லர். பருவகால வேலைக்காக வந்து போகிறவர்கள். ஆகவே இலினோயின் சட்டம் இவர்களை விடுவிக்காது என்பது அவர் வாதம். நிலையாகக் குடியிருத்தப்பட்டிருப்பின் விடுதலை பெறுவர் என்பதைத் தம் வழக்கம்போல் அவர் விட்டுக்கொடுத்தார். நீதிபதிகள் தாயும் பிள்ளைகளும் சுதந்திரர் என்று தீர்ப்பளித்தனர். லிங்கன் தோற்றார். மட்சன் கூலியைக் கொடுக்காமலே கென்டக்கிக்குப் போய்விட்டான் என்பர்.

லிங்கனை நேசிக்கும் ஆசிரியர்கள் இதற்குப் பல சமாதானம் கூறுவர். மனமின்றி வாதாடினார் என்பர் சிலர். யார் முதலில் அழைத்தாலும் அவருக்காக நிற்பதே தொழிற்றருமம் என்பர் சிலர். எனக்கு அவை நிறைவு தரவில்லை. வழக்கை மறுப்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. நான்ஸின் வழக்கைப் பேசிய வாய்க்கு ஜேனின் நிலை தெரியாததன்று. இரு பக்கத்துக்காகவும் பேசவல்ல திறமைக்குள்ளே இப்படியோர் ஆபத்து இருக்கிறது. எந்த முடிச்சையும் அவிழ்க்கப் பழகிய விரல்களுக்கு, அது எவருடைய கழுத்திற் கிடக்கும் கயிறு என்று பார்ப்பது மறந்துபோகக் கூடும். நீதிமன்றம் லிங்கனுக்கு வாதத்தைக் கற்பித்தது. எதற்காக வாதாடுவது என்பதைக் கற்பிக்கவில்லை. அதை அவர் வேறிடத்திற் கற்க வேண்டியிருந்தது.

1854ஆம் ஆண்டு, புதிய பிரதேசங்களில் அடிமைமுறை பரவுதற்கு வழிதிறந்த கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் நிறைவேறியபோது அவர் மீண்டும் அரசியலில் இறங்கினார். அவ்வாண்டில் பியோரியா நகரில் ஆற்றிய நீண்ட உரையைப் படிப்பவர், பழைய நியாயவாதியை அங்கே காணலாம். தெற்கத்தியர் நம்மிற் கெட்டவர்களல்லர், அவர்கள் நிலையில் நாம் இருந்திருப்பின் நாமும் அவ்வாறே இருந்திருப்போம் என்று எதிர்த்தரப்பை முதலில் எடுத்துக்கொள்கிறார். விட்டுக்கொடுக்கக் கூடியவற்றையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார். முடிவில், மனிதனை மனிதன் உடைமையாக்கலாமா என்னும் ஒன்றிற் கால் ஊன்றுகிறார். முறை பழையது; ஆனால் இம்முறை கட்சிக்காரர் எவரும் இல்லை. அதுவே வேறுபாடு.

பழுதற்ற உறுதி

1850ஆம் ஆண்டளவில் சட்ட மாணவர்க்கென லிங்கன் எழுதிவைத்த சில குறிப்புகள் எஞ்சியுள்ளன. இன்றைய வேலையை நாளைக்கு வைக்கற்க என்று தொடங்கி, வழக்காடுவதை ஊக்கப்படுத்தற்க என்று அறிவுறுத்துகிறார். வென்றவன் செலவாலும் நேரவிரயத்தாலும் தோற்றவனாகவே முடிகிறான் என்பதை அயலவர்க்கு எடுத்துக்காட்டுக. சமாதானஞ் செய்துவைக்கும் நியாயவாதிக்கு நல்ல மனிதனாகும் வாய்ப்பு மிகுதி. அதன் பின்னும் வழக்குகள் வேண்டியமட்டும் இருக்கும் என்பது அவர் கருத்து. நேர்மையான நியாயவாதியாக இருக்க முடியாதென்று கண்டால், நியாயவாதியாகாமல் நேர்மையானவனாக இரு என்றும் முடிக்கிறார். மட்சன் வழக்குக்குச் சில ஆண்டுகளின் பின் எழுதப்பட்ட சொற்கள் இவை.

1861 பெப்ரவரியில், குடியரசுத் தலைவராக வாஷிங்டனுக்குப் புறப்படுமுன், லிங்கன் தம் பழைய கந்தோருக்குப் போனார். லிங்கன், ஹேர்ண்டன் என்று எழுதிய பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டாம். உயிரோடிருந்தால் திரும்பி வந்து ஒன்றும் நடவாததுபோலத் தொழில் நடத்துவோம் என்று கூட்டாளியிடம் சொன்னார். அவர் திரும்பவில்லை. ஆனால் நியாயவாதி அவரோடு வாஷிங்டனுக்குச் சென்றார்.

1863 ஜனவரி முதலாந் திகதிய விடுதலைப் பிரகடனத்தைப் படித்து ஏமாந்தவர் பலர். அதில் உணர்ச்சி குறைவு. சரக்கேற்றும் சீட்டைப்போல இருக்கிறது என்று வரலாற்றாசிரியர் ஒருவர் குறைகூறினார். எந்தெந்த மாநிலம், அவற்றுள் விலக்கப்பட்ட மாவட்டங்கள் எவை என்று காணி எல்லை எழுதுவதுபோல எழுதப்பட்ட ஆவணம் அது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நாளை ஒரு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பார் இதைக் கையில் எடுப்பர் என்று அறிந்து எழுதியவரின் எழுத்து அது. படைத்தலைவர் என்ற முறையிற் போர்க்கால அதிகாரத்தைக் கொண்டே அதை அவர் வெளியிட்டார். அந்த அதிகாரம் எட்டாத இடங்களை விட்டுவிட்டார்.

அதனாலேயே அப்பிரகடனத்தின் பழுதையும் மற்றெவரினும் அவர் நன்கு அறிந்திருந்தார். போர் முடிந்தபின் அது செல்லுமா? பிறக்கப்போகும் பிள்ளைகளைக் காக்குமா? இவ்வையங்களைத் தீர்ப்பதற்கே அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தத்தை நிறைவேற்றப் பாடுபட்டார். 1865 ஜனவரி 31ஆந் திகதி பிரதிநிதிகள் சபை அதனை ஏற்றுக்கொண்டது. மறுநாள் தம்மைக் காண வந்த மக்களிடம், பிரகடனத்தின்மேல் எழக்கூடிய சட்ட ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக அவரே எடுத்துக்கூறி, எல்லாவற்றுக்கும் இத்திருத்தமே மருந்து என்றார். அதே நாளில் முதன்முதலாக அதனை உறுதிப்படுத்திய மாநிலம் இலினோய். அவர் வண்டியோட்டிச் சுற்றிய பூமி, ஜேன் பிரயண்டுக்கு எதிராக அவர் வாதாடிய பூமி, அது.

திருத்தம் சட்டமானது 1865 டிசெம்பர் 6ஆந் திகதி. லிங்கன் ஏப்ரில் 15ஆந் திகதியே இறந்துவிட்டார். பழுதுபட்ட உறுதியாற் காணி இழந்த ஒரு கமக்காரனின் மகன் அவர். நாற்பது இலட்சம் மக்களின் சுதந்திரத்தை எந்த நீதிமன்றத்திலும் எவரும் அசைக்க இயலாத உறுதியாக எழுதிவைக்க வேண்டும் என்று அவர் கடைசிவரை நின்றதன் காரணத்தை, பாடநூல்கள் விட்டுவிட்ட அந்த இருபத்தைந்து ஆண்டுகளிலேதான் தேடவேண்டும் என்பது என் துணிபு.